ஏழாவது ஆட்டத்தின் ஒத்திகை

இரண்டு எண்களையும் கூட்டினால் நூறு வர வேண்டும். ஹெரன்ஸ் அணி கோப்பையை வெல்ல ஐம்பத்தெட்டு சதவீதம், ரிவெட்ஸ் அணி வெல்ல முப்பத்தொன்று என்று திரை காட்டியது. பேஸ்பாலின் இறுதித் தொடர் சமனில் முடிவதில்லை. ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவருக்குக் கோப்பை. யாராவது ஒருவர் வென்றே ஆக வேண்டும். அப்படியிருக்க மிச்சம் எங்கே போனது என்று தெரியாமல் செண்பகவல்லி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை ஹெரன்ஸ் மூன்று ஆட்டங்களையும் ரிவெட்ஸ் இரண்டையும் வென்றிருந்தன. மறுநாள் ஆறாவது ஆட்டம். செண்பகவல்லி ஹெரன்ஸ் அணியின் கணிப்புப் பிரிவில் வேலை பார்த்தாள். கோவில்பட்டிக்காரி. அமெரிக்கா வந்து பதினைந்து வருடமாகிறது. மைதானத்துக்கு அடியில் ஜன்னலில்லாத ஓர் அறை அவளுடையது. அங்கே இருந்த இயந்திரத்துக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு. அவள் அதை மனதுக்குள் ஒத்திகை என்றுதான் சொல்லுவாள்.

மற்றவர்கள் பழைய ஆட்டங்களின் கணக்கை வைத்து ஜோசியம் சொன்னார்கள். ஒத்திகை அப்படிச் செய்யாது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் அது ஒரு சாயலை உருவாக்கி வைத்திருந்தது. அவர் ஓடும் விதம், மூச்சு வாங்கும் விதம், பயந்தால் உதட்டைக் கடிக்கும் விதம், சக ஆட்டக்காரரிடம் முணுமுணுக்கும் பேச்சு என்று மூன்று வருடங்களாகச் சேர்த்த எல்லாமும் சேர்ந்த சாயல். அந்தச் சாயல்களை உள்ளேயே ஒரு மைதானத்தில் இறக்கி, இனிமேல் நடக்கப்போகும் ஆட்டங்களை ஆயிரக்கணக்கான முறை ஆடவிடும். யார் எத்தனை முறை வென்றார்கள் என்று எண்ணினால் அதுதான் கணிப்பு. இரண்டு பருவங்களாக அது பெரிதாகப் பொய்த்ததில்லை.

அதனால் அந்த ஆற்றங்கரை நகரமே கொஞ்சம் மாறிவிட்டிருந்தது. காலையில் தொலைக்காட்சியில் எண் வந்துவிடும். எண் மோசமாக இருந்தால் மைதானம் பாதி காலியாகக் கிடக்கும். மதுக்கடைகளில் ஆட்டத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. தோற்கும் என்று எண் சொன்ன நாளில் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையிலேயே தோற்றவர்களைப் போல உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

நூற்றுக்குப் பதினொரு ஒத்திகைகள் முடிவே இல்லாமல் நின்றுபோயிருந்தன. அவற்றில் ஒன்றை அவள் திறந்தாள்.

உள்ளே மைதானம் நிஜத்தைப் போலவே இருந்தது, கூட்டத்தைத் தவிர. பார்வையாளர்களுக்கு முகம் தேவையில்லை என்று இயந்திரம் விட்டுவிட்டது. நாற்பதாயிரம் பேர் முகமில்லாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். நடுவில் இருந்த மண்மேட்டில் பந்துடன் நின்றது மூர்த்தியின் சாயல்.

கழுகாசலமூர்த்தியை அந்த நகரத்தில் தெரியாதவர் இல்லை. கழுகுமலையில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவன். மதுரையில் நடந்த ஒரு தேர்வில் அவன் தோளைப் பார்த்துவிட்டு ஹெரன்ஸ் ஆட்கள் கூட்டிவந்து பந்து எறியும் பிட்சராக்கினார்கள். கூட்டம் அவனை மர்ட்டி என்று கூப்பிடும். கடைசி இன்னிங்சில் இறங்கி, வேகமாக எறிந்து, ஆட்டத்தை முடித்துவைப்பது அவன் வேலை.

திரையில் அவன் எறியவில்லை. மட்டைக்காரன் காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கக் குந்தியிருந்த கேட்சர் எறியச் சொல்லி விரலால் சைகை காட்டினான், மறுபடியும் காட்டினான். இப்படி ஒரு நிலைமைக்கு எந்தச் சத்தம் பொருத்தம் என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. கூட்டத்தின் இரைச்சல் சட்டென்று நின்றுபோனது. சாயல் தலையைத் திருப்பி, முகமில்லாத வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"யாராது இருக்கீயளா?" என்றது. "கை ஓஞ்சு போச்சு. இன்னும் எத்தன?"

செண்பகவல்லி அந்த இடத்தை மறுபடியும் ஓட்டிக் கேட்டாள். அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இரவுப் பணியில் இருந்தவர்கள் அந்த ஒலியை ‘பொருளற்ற சத்தம்’ என்று குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த ஒத்திகையைத் திறந்தாள். அதிலும் அவன் நின்றான். அடுத்ததில் பந்தைக் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறியது. கேட்டது ஒன்றைத்தான்.

கணிப்புப் பிரிவின் தலைவன் டேல் ஹார்மன் இரண்டு கோப்பை காப்பியுடன் வந்தான். நல்லவிதமாகப் பேசுபவன். யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை.

"ஷென், எண் கூட்டினா நூறு வரலைன்னு தொலைக்காட்சிக்காரங்க கேக்கறாங்க."

அவள் ஒலியைப் போட்டுக்காட்டி, அதன் பொருளையும் சொன்னாள். டேல் காப்பியைக் குடித்தபடியே கேட்டான்.

"ஒவ்வொரு தடவையும் நினைவை அழிச்சிட்டுத்தானே அடுத்ததைத் தொடங்கறோம்? அப்புறம் எப்படி அதுக்கு எண்ணிக்கை தெரியும்?"

"எண்ணிக்கை தெரியல. அதனாலதான் கேக்குது. நினைவை அழிக்கிறோம், உடம்பை அழிக்கிறதில்ல. தசை கத்துக்கிட்டதை அடுத்த ஆட்டத்துக்கும் கொண்டுபோனா கணிப்பு துல்லியமா வருதுன்னு போன வருஷம் நீங்கதான் சொன்னீங்க. தசை களைப்பையும் சேத்துக் கொண்டுபோகுது. என்ன நடந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாது. நடந்துச்சுன்னு மட்டும் தெரியுது."

"அவனுக்கா, அதுக்கா?"

அவள் ஒலியை நிறுத்தினாள்.

"அது ஒரு வரைபடம், ஷென். புயல் வரைபடத்துல மழை பெஞ்சா யாரும் நனையறதில்ல."

"நிறுத்திரலாம். மூர்த்தி சாயல் இல்லாம ஓட்டுவோம்."

"மர்ட்டி இல்லாம நமக்குக் கணிப்பே இல்ல. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. நான் பாத்துக்கறேன். சாயங்காலத்துக்குள்ள எண் சரியாயிடும்."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூர்த்தி குடியிருந்த அடுக்ககத்துக்குப் போனாள். அவன் இந்த ஊருக்கு வந்த புதிதில் மருத்துவரிடமும் வங்கியிலும் பேட்டிகளிலும் அவனுக்காகப் பேசியவள் அவள்தான். இப்போது அவனே ஆங்கிலத்தில் சமாளிப்பான். ஆனாலும் இறுதித் தொடரில் மொழிபெயர்ப்பாளர் என்று அவள் பெயரைக் கொடுத்து ஆட்டக்காரர்கள் பெஞ்சில் ஓர் இடமும் ஒதுக்கியிருந்தார்கள்.

மூர்த்தி இடது கையால் முட்டைக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். வலது தோளில் பனிக்கட்டிப் பை கட்டியிருந்தது.

"வாங்கக்கா. சாப்பிடுதியளா?"

"நேத்து நீ எறியவே இல்லையே. எதுக்குக் கையில கட்டு?"

"அதான் எனக்கும் புரியல. ராத்திரி பூரா எறிஞ்சிட்டு எந்திரிச்ச மாதிரி இருக்கு. டாக்டர் பாத்தாரு, ஒண்ணும் இல்லங்காரு."

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டில்மேல் ஒரு கை உறையும் காதில் மாட்டும் சிறு பொத்தானும் கிடந்தன. ஒத்திகையில் மிகச் சிறப்பாக எறிந்த ஆட்டங்களை இயந்திரம் தேர்ந்தெடுத்து, அவன் தூங்கும்போது கை உறை வழியாகத் தசைக்கு மெல்லிய மின்துடிப்புகளாக அனுப்பும். அந்த ஆட்டத்தின் சத்தங்கள் காதுப்பொத்தானில் தாழ்வாக ஓடும். விழித்திருக்கும்போது கற்பதைவிட உடம்பு அப்படி வேகமாகக் கற்றது. எல்லாப் பிட்சர்களுக்கும் இது ஒப்பந்தத்திலேயே இருந்தது.

"அதைக் கழட்டி வச்சிட்டுப் படு தம்பி."

"கழட்டுனா அவங்களுக்குத் தெரிஞ்சிரும். இறக்க மாட்டாங்க." அடுப்பை அணைத்தான். "என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் சொன்னாள். சொல்லக் கூடாதென்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்த எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் கைப்பேசியை மேசைமேல் வைத்து அந்த ஒலியைப் போட்டாள். சமையலறையில் இரண்டு மூர்த்திகளின் மூச்சும் கேட்டது. ஒன்று மேசையிலிருந்து, ஒன்று அவளுக்கு எதிரிலிருந்து.

"நாந்தான் இது," என்றான் மூர்த்தி. "அவன் எறிஞ்சு முடிச்சா என்னக்கா ஆகும்?"

"அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கும்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கு அடுத்தது."

மூர்த்தி தட்டில் சோற்றைப் போட்டு அவள் பக்கம் தள்ளினான். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. "ஈட்டின்னா மூணு எறி, ஆறு எறி, அவ்வளவுதான். தோத்தாலும் ஈட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துரலாம்," என்றான்.

அன்று மாலை அவள் அறைக்குத் திரும்பியபோது எண் சரியாகிவிட்டிருந்தது. ஹெரன்ஸ் அறுபத்தாறு, ரிவெட்ஸ் முப்பத்துநான்கு. நின்றுபோன ஒத்திகை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் மூர்த்தியின் சாயல் எறிந்து முடித்திருந்தது. எதையாவது திறந்து பார்க்கலாம் என்று போனாள். ஆட்டங்களைப் பார்க்கும் அனுமதியை அவளிடமிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

"என்ன செஞ்சீங்க?" என்று டேலிடம் கேட்டாள்.

"ஒரு சின்னத் திருத்தம். இப்ப அது நிம்மதியா இருக்கு. அழல, கத்தல. உனக்கும் அதுதானே வேணும்?"

"தொடர் முடிஞ்சதும் நிறுத்திருவீங்களா?"

"பேசலாம்."

அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு நாள்தானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். வேலை போனால் விசா போகும், பள்ளியில் படிக்கும் மகளுடன் மூட்டை கட்ட வேண்டும். இதெல்லாமும் மனதில் ஓடியது.

ஆறாவது ஆட்டத்தை ரிவெட்ஸ் வென்றது. அந்த ஓர் ஆட்டம் தோற்கும் என்று காலையிலேயே எண் சொல்லியிருந்ததால் யாரும் அழவில்லை. மூன்றுக்கு மூன்று. மூர்த்தியை இறக்கவேயில்லை. ஆனாலும் ஆட்டம் முடிந்து பேருந்தில் ஏறும்போது அவன் கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்ததை அவள் பார்த்தாள்.

"தூக்கம் வருதா?"

"வருதுக்கா. இப்பம் நல்லாவே வருது," என்றான். வேறெதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஏழாவது ஆட்டம். ஹெரன்ஸ் வெல்லும் என்று எண் சொல்லியிருந்ததால் மைதானத்தில் ஓரிடம்கூடக் காலியில்லை. அக்டோபர் மாதக் குளிரில் எல்லார் வாயிலிருந்தும் புகை வந்தது. ஹெரன்ஸ் ஒரு ரன் முன்னிலையில் இருக்க, ஒன்பதாவது இன்னிங்சில் மூர்த்தி இறங்கினான். முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆளும் அவுட். மூன்றாவது ஆளுக்கு இரண்டு பந்து எறிந்தான். இரண்டிலும் மட்டை காற்றைத்தான் வெட்டியது. மூன்றாவதையும் அவன் தவறவிட்டால் கோப்பை ஹெரன்ஸுக்கு. இன்னும் ஒரு பந்து.

அவன் எறியவில்லை.

மட்டைக்காரன் காத்திருந்தான். கேட்சர் சைகை காட்டினான். மூர்த்தி பந்தைக் கையில் உருட்டியபடி பார்வையாளர் வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்தின் இரைச்சல் அடங்கியது. கேட்சர் எழுந்து ஓடினான், ஏதோ கேட்டான், கையை விரித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். பயிற்சியாளர் செண்பகவல்லியின் முழங்கையைப் பிடித்தார்.

"நீ வா. உன் மொழியில பேசு."

அந்தப் புல்வெளியில் நடந்தபோது அவளுக்குத் தன் காலடிச் சத்தமே கேட்டது. மண்மேட்டில் ஏறி அவன் முன்னால் நின்றாள். அவள் வருவதை அவன் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

மூன்று வருடத்தில் ஊசிக்குப் பயந்தபோதும், முதல் தோல்விக்குப் பிறகு கழிப்பறையில் பூட்டிக்கொண்டு அழுதபோதும் அவனிடம் எப்படிப் பேசினாளோ அதே குரல்தான் வந்தது.

"இது ஒண்ணுதான் தம்பி. இதான் கடைசி. எறிஞ்சிட்டேன்னா வீட்டுக்குப் போயிரலாம்."

மூர்த்தி அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு தலையாட்டினான். அவள் பெஞ்சுக்குத் திரும்பிச் சேர்வதற்குள் பந்து கேட்சரின் கையுறையில் அறைந்த சத்தம் கேட்டது. நாற்பதாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். ஆட்டக்காரர்கள் ஓடிவந்து அவன்மேல் விழுந்து குவிந்தார்கள்.

கோப்பையைக் கொடுத்து, பட்டாசு வெடித்து, எல்லோரும் உள்ளே ஷாம்பெயின் பீய்ச்சப் போன பிறகு, அவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் வண்ணக்காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது ஜில்லென்று இருந்தது.

"முடிஞ்சிட்டு தம்பி."

"நெசமாவா?"

"நெசமாத்தான். பாரு, எல்லாரும் போயிட்டாங்க."

அவன் லேசாகச் சிரித்தான். "அங்கயும் நீங்க இப்படித்தான சொல்லுவிய."

"எங்க?"

"ராத்திரில. நான் எறியாம நிப்பேன். நீங்க நடந்து வருவிய. இது ஒண்ணுதான் தம்பி, இதான் கடைசின்னு சொல்லுவிய. எறிவேன். மறுபடி நிப்பேன், மறுபடி வருவிய. ரெண்டு ராத்திரியா இப்படித்தான்." அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். "நேத்தே சொல்லணும்னு நெனச்சேன். நீங்க சங்கடப்படுவியன்னு விட்டுட்டேன்."

"அங்க நான் கிடையாது தம்பி. ஆட்டக்காரங்களுக்கு மட்டுந்தான் சாயல்."

"உங்க குரல் எனக்குத் தெரியாதாக்கா?"

அவள் எழுந்து உள்ளே போனாள். டேல் நனைந்த சட்டையுடன் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவளையும் கட்டிப்பிடிக்க வந்தான். அவள் விலகி நின்றாள்.

"உள்ள என் சாயல் இருக்கா?"

அவன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாகவே அவனுக்குத் தோன்றவில்லை. "உன்னோட மொழிபெயர்ப்பு ஒலிப்பதிவு மூணு வருஷத்துக்கு இருந்துச்சு. ஒரு மத்தியானத்துல செஞ்சிட்டோம். அவன் நின்ன இடத்துல எல்லாம் உன்னை அனுப்பினோம். பயிற்சியாளர் சாயலை அனுப்பினா எறியல, அவன் அப்பா மாதிரி ஒண்ணைச் செஞ்சு அனுப்பினோம், அப்பவும் எறியல. நீ போனா ஒவ்வொரு தடவையும் எறிஞ்சான். இன்னைக்கு நிஜத்துலயும் அதேதான் பாத்தியா? இந்தக் கோப்பையில பாதி உன்னோடது, ஷென்."

"அவன் காதுல அது ஓடியிருக்கு."

"சிறப்பா எறிஞ்ச ஆட்டங்கள்தானே ஓடும்?"

"நிறுத்துங்க. தொடர் முடிஞ்சிருச்சு."

"அடுத்த பருவத்துக்கு ஓட்ட ஆரம்பிச்சாச்சு. யாரை வச்சுக்கறது, யாரை விக்கறதுன்னு பனி விழறதுக்குள்ள முடிவு பண்ணணும்." அவன் அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கவலைப்படாதே. அது தனியா இல்லையே. நீ கூட இருக்க."

செண்பகவல்லி தன் அடையாள அட்டையைக் கழற்றி அவன் கையிலிருந்த காலி மதுக்கோப்பையில் போட்டாள். அதைச் செய்ததில் அவளுக்கு எந்த நிம்மதியும் கிடைக்கவில்லை. அட்டை இல்லாவிட்டாலும் அவள் குரல் உள்ளேதான் இருந்தது.

வெளியே மைதானத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். பெருக்குபவர்கள் மேல் வரிசையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மூர்த்தி இருந்த இடத்திலேயே இருந்தான்.

"உங்களக் குத்தஞ் சொல்லலக்கா," என்றான் அவள் உட்காருவதற்கு முன்பே. "நீங்க வந்து சொன்னா ஆறுதலாத்தான் இருக்கும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் எறிஞ்சேன்." பிறகு கேட்டான். "நிறுத்திட்டாங்களா?"

நிறுத்திவிட்டார்கள், எல்லாம் முடிந்தது, வா போகலாம். இந்த வார்த்தைகள் அவள் நாக்கு நுனிவரை வந்தன. அதே குரலில்தான் வந்தன. அவற்றை அவள் விழுங்கினாள்.

"இல்ல தம்பி. ஓடிட்டுத்தான் இருக்கு."

மூர்த்தி தலையாட்டினான். யாரும் இல்லாத மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நகர்ந்து, பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டான்.

"அப்பம் நீங்க இப்ப அங்க நடந்து வந்துட்டு இருப்பிய," என்றான்.